உருவம் ஒன்று, வோல்ட் வேறு: வீட்டுச் சாதனங்களை லித்தியம் மின்கலத்துக்கு மாற்றுவதை வகுப்பறையில் கற்பித்தல்

இரண்டு மின்கலங்களை மேசைமேல் வைத்து மாணவர்களை அருகில் அழையுங்கள். இரண்டும் கடையில் பென்சில் பேட்டரி என்று கேட்டு வாங்கும் ஏஏ அளவு. ஒன்று சாதாரண உலர் மின்கலம். மற்றது 14500 என்ற எண் கொண்ட லித்தியம் மின்கலம். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தால் எது எதுவென்று பிரிக்க முடியாது. ஆனால் மல்டிமீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தால் முதலாவது சுமார் 1.5 வோல்ட் காட்டும். முழுமையாக மின்னேற்றப்பட்ட இரண்டாவது 4.2 வோல்ட் காட்டும். இரண்டு கட்டை போடும் ரிமோட்டில் இந்த லித்தியம் வகையில் இரண்டைப் போட்டால், 3 வோல்ட்டுக்கென்று செய்த சுற்றின்மேல் 8.4 வோல்ட் ஏறும். ரிமோட் அத்துடன் முடிந்தது.

"உருவம் ஒன்று, வோல்ட் வேறு" என்ற இந்த ஒரு வரியைத்தான் எங்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மின்னோட்டம் நடத்தும்போது கரும்பலகையின் மூலையில் முதலில் எழுதுகிறேன். அந்த வரியிலிருந்து தொடங்கி, நான்கு பாடவேளைகளில் நான் நடத்தும் பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வானவில் மன்றச் செயல்பாடுகளிலும் இதன் முதற்பகுதியைப் பயன்படுத்தலாம்.

ஏன் இது பாடமாக வேண்டும்?

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் லித்தியம் மின்கலம் இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. கைப்பேசி, பவர் பேங்க், சார்ஜ் ஏற்றும் மின்விசிறி, விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கு என்று பட்டியல் நீளும். இன்னொரு பக்கம் எமர்ஜென்சி லைட், கொசு பேட், வயலில் மருந்தடிக்கும் தெளிப்பான் ஆகியவற்றில் ஈய அமில மின்கலம் இருக்கிறது. சில காலத்தில் அது செத்துப்போகும். சாதனம் நன்றாக இருக்கும், மின்கலம் மட்டும் இருக்காது. அதைத் தூக்கி எறிய வீட்டில் யாருக்கும் மனம் வராது. கைத்திறன் உள்ள பிள்ளை ஒருவன் வீடியோ பார்த்து லித்தியத்துக்கு மாற்றத் தொடங்குவான். சிக்கனமும் ஆர்வமும் கலந்த நல்ல முயற்சிதான் அது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

சென்ற கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் கால்சட்டைப் பையிலிருந்து மூன்று நீல நிற மின்கலங்களை எடுத்து மேசைமேல் உருட்டினார்.

"எங்கருந்துடா எடுத்த?"

"காயலான் கடையில பழைய லேப்டாப் பேட்டரி கிடந்துச்சு டீச்சர். உடைச்சு எடுத்தேன். எங்கப்பா பூப்பறிக்கப் போறப்ப கட்டுற நெத்தி லைட்டுக்குப் போடலாம்னு."

அதே பையில் சைக்கிள் சாவியும் சில்லறைக் காசுகளும் கிடந்தன. ஒரு மின்கலத்தின் பிளாஸ்டிக் உறை கிழிந்து, உலோகம் வெளியே தெரிந்தது. அளந்து பார்த்தோம். இரண்டு 3.6 வோல்ட்டுக்கு அருகில் இருந்தன. உறை கிழிந்தது 1 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. சாவியோ காசோ நேர் முனைக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே பாலமாக விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அன்றே கணக்காகப் போட்டோம்.

அந்த அளவிலான மின்கலத்தின் அகமின்தடை சுமார் 0.05 ஓம். ஓம் விதிப்படி 3.7 வோல்ட்டை 0.05ஆல் வகுத்தால் 74 ஆம்பியர். குறுக்குச்சுற்றில் வெளிப்படும் திறன் 3.7 × 74 = சுமார் 274 வாட். 750 வாட் இஸ்திரிப் பெட்டியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், விரல் நீளமுள்ள ஒரு பொருளுக்குள், கால்சட்டைப் பைக்குள்! வகுப்பு அமைதியாகிவிட்டது. "தொடாதே" என்று பத்து முறை சொல்வதைவிட அந்த ஒரு வகுத்தல் கணக்கு அதிகம் சொன்னது.

"தொடாதே" என்று சொல்லி நிறுத்திவிடவும் எனக்கு மனமில்லை. அந்த மாணவரின் வீட்டுத் தேவை உண்மையானது. அவர் நாளையும் முயல்வார், நாம் பார்க்காத இடத்தில் முயல்வார். எனவே மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளாகப் பாடத்தை வகுத்துக்கொண்டேன். மின்னழுத்தம் பொருந்துமா? காவல் இருக்கிறதா? எதனால் மின்னேற்றுகிறோம்? மூன்றுக்கும் சரியான விடை கிடைக்காத சாதனத்தை மாற்றக்கூடாது. மின்கலத்தை மாற்றுவது என்றால் அதைச் சுற்றியுள்ள காவலையும் சேர்த்து மாற்றுவது என்பதே பாடத்தின் சாரம்.

முதல் கேள்வி: மின்னழுத்தம் பொருந்துமா?

நாம் சந்திக்கும் மின்கல வகைகளின் மின்னழுத்தத்தை மாணவர்கள் முதலில் அட்டவணையாக எழுதட்டும். உலர் மின்கலம் 1.5 வோல்ட். நிக்கல் வகை மறுமின்னேற்ற மின்கலம் 1.2. ஈய அமில மின்கலத்தின் ஓர் அறை 2. லித்தியம் அயனி 3.7, இது முழு மின்னேற்றத்தில் 4.2, காலியாகும்போது 3க்குப் பக்கம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 3.2; முழு மின்னேற்றத்தில் 3.65.

இப்போது வீட்டிலுள்ள சாதனங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் முன்னும் "பொருந்தும்", "பொருந்தாது", "தேவையில்லை" என்று எழுதச் சொல்லுங்கள்.

மூன்று கட்டை டார்ச், மூன்று கட்டை ரேடியோ: தேவை 4.5 வோல்ட். ஒரு லித்தியம் அயனி மின்கலம் 4.2இலிருந்து 3 வரை தருகிறது. உலர் மின்கலம் மூன்றும் புதிதிலிருந்து தீரும் வரை இறங்கும் அளவும் ஏறக்குறைய இதுவே. பொருந்தும்.

இரண்டு கட்டை பொம்மை: தேவை 3 வோல்ட். லித்தியம் அயனி ஒன்றின் 4.2 வோல்ட் அதிகம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒன்று ஓரளவு பொருந்தும். மற்ற இடத்தில் மின்னைக் கடத்த மட்டும் செய்யும் வெற்றுக் கட்டை ஒன்றைப் போட வேண்டும்.

எமர்ஜென்சி லைட்டின் 6 வோல்ட் ஈய அமில மின்கலம்: லித்தியம் அயனி இரண்டைத் தொடராக இணைத்தால் 8.4 வரை போகும், பொருந்தாது. இரும்பு பாஸ்பேட் இரண்டு 6.4 தரும்; பொருந்தும். ஆனால் மூன்றாம் கேள்விக்கும் விடை கண்ட பிறகே மாற்றலாம்.

சுவர்க் கடிகாரம், ரிமோட்: இங்கே மாணவர்கள் "1.5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் லித்தியம் பென்சில் பேட்டரி கடையில் கிடைக்கிறதே" என்பார்கள். கிடைக்கிறது, அதற்குள் சிறிய குறைப்புச் சுற்று இருக்கும். கடிகாரத்துக்கு அது தேவையா என்பதைக் கணக்கிடச் செய்யுங்கள். கடிகாரம் எடுக்கும் சராசரி மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு அளவு. 1000 மில்லி ஆம்பியர் மணி தரும் சாதாரணக் கட்டையே 10,000 மணி நேரம், அதாவது ஓராண்டுக்கு மேல் ஓட்டும். கடிகாரம் எடுப்பது அவ்வளவு குறைவு என்பதால், குறைப்புச் சுற்று தன் வேலைக்குத் தின்னும் மின்னோட்டமே பெரிய செலவாகிவிடும். எனவே தேவையில்லை. எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை என்பதும் அறிவியல்தான்.

இரண்டாம் கேள்வி: காவல் இருக்கிறதா?

பாதுகாப்புச் சுற்றை விளக்க மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கண்மாயைச் சொன்னால் போதும். வரத்துக்கால் வழியாக நீர் வருகிறது. மடை வழியாக வயலுக்குப் போகிறது. நிறைந்தபின்னும் நீர் வந்துகொண்டிருந்தால் கரை உடையும். அப்படி உடையாமல் இருக்கத்தான் கலிங்கு கட்டினார்கள். மிகுந்த நீர் கலிங்கு வழியாக வழிந்தோடிவிடும்.

ஈய அமில மின்கலத்துக்கு ஒருவகைக் கலிங்கு உண்டு. அது நிறைந்தபின் அதில் செலுத்தும் மின்னாற்றல் உள்ளிருக்கும் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதில் செலவாகும். மின்கலம் கெடும், நீர் குறையும். ஆனாலும் ஓரளவு தாங்கும். லித்தியம் மின்கலத்துக்கு அந்தக் கலிங்கு கிடையாது. அதில் இருப்பது நீர் கலக்காத, எரியக்கூடிய கரிமக் கரைசல். 4.2 வோல்ட்டைத் தாண்டித் தொடர்ந்து ஏற்றினால் நேர்மின்வாயின் கட்டமைப்பு குலையும், எதிர்மின்வாயின்மேல் லித்தியம் உலோகமாகப் படியும், வெப்பம் பெருகும். வெப்பம் வினையை வேகப்படுத்த, வினை மேலும் வெப்பத்தைக் கூட்ட, ஒரு கட்டத்தில் நிறுத்த முடியாமல் தீப்பற்றும்.

கலிங்கு இல்லாத கண்மாய்க்கு, எந்நேரமும் விழித்திருந்து வரத்துக்காலையும் மடையையும் அடைக்கும் நீர்பாய்ச்சி ஒருவர் வேண்டும். அவர்தான் பாதுகாப்புச் சுற்று. ஒற்றை மின்கலத்துக்கான பெரும்பாலான பலகைகளில் டிடபிள்யூ 01 என்ற சிறு சில்லும், அது சொன்னபடி திறந்து மூடும் ஒரு ஜோடி டிரான்சிஸ்டர்களும் இருக்கும். அதன் வேலை மூன்று.

1. மின்னழுத்தம் 4.3 வோல்ட்டை நெருங்கினால் வரவை அடைக்கும்.
2. 2.4, 2.5 வோல்ட்டுக்கு இறங்கினால் செலவை அடைக்கும்.
3. மின்னோட்டம் சில ஆம்பியரைத் தாண்டினாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டிக்கும்.

இரண்டாவது வேலையை மாணவர்கள் சிறிதாக நினைப்பார்கள். காலியானால் என்ன, மீண்டும் ஏற்றலாமே என்பார்கள். மிகவும் கீழே இறங்கிய லித்தியம் மின்கலத்துக்குள் எதிர்மின்வாயைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு மின்னேற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். அந்த மாணவர் கொண்டுவந்த, 1 வோல்ட்டுக்கும் கீழே இருந்த மின்கலத்தை மீண்டும் ஏற்றவே கூடாது என்று சொன்னது இதனால்தான்.

கடையில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. 18650 என்ற அளவு 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்டது. காவலுடன் வரும் மின்கலத்தின் அடியில் பாதுகாப்புப் பலகை வட்டமாக ஒட்டப்பட்டிருப்பதால் சில மி.மீ. நீளம் கூடும், சில நெற்றி விளக்குகளில் நுழையாது. நுழையவில்லை என்று காவலில்லாத மின்கலத்தை வாங்கிவராமல், அது பொருந்தும் விளக்கைத் தேட வேண்டும். மற்றொன்று, உறையில் அச்சிட்ட கொள்ளளவு. இந்த அளவில் நல்ல மின்கலம் 3500 மில்லி ஆம்பியர் மணி அளவில்தான் நிற்கும். 9900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். நல்ல மின்கலத்தின் எடை 45 முதல் 50 கிராம். பள்ளித் தராசில் வைத்துப் பார்த்தால் போலியானவை பல எடை குறைந்து நிற்கும். அளவீடு என்ற பாடத்துக்கு இதைவிடப் பயனுள்ள செயல்பாடு எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் கேள்வி: எதனால் மின்னேற்றுகிறோம்?

பாதுகாப்புச் சுற்று இருக்கிறதே, எந்தச் சார்ஜரில் வேண்டுமானாலும் போடலாமா என்ற கேள்வி வரும். கூடாது. வீட்டில் தினமும் விளக்கை அணைக்க மெயின் சுவிட்சையா இறக்குகிறோம்? பாதுகாப்புச் சுற்று கடைசிச் சுவர். அன்றாடம் அளவறிந்து ஏற்றுவது சார்ஜரின் வேலை.

லித்தியம் அயனி சார்ஜர் இரண்டு கட்டங்களில் செயல்படும். முதலில் மாறா மின்னோட்டம், 4.2 வோல்ட்டைத் தொட்டதும் மாறா மின்னழுத்தம். மின்னோட்டம் மெல்லக் குறைந்து தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் நின்றுவிடும். டிபி 4056 என்ற சில்லு உள்ள சிறு பலகை இதைச் செய்கிறது. பெரும்பாலும் 1 ஆம்பியருக்கு அமைத்து விற்கிறார்கள். 2600 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்துக்கு அது ஏற்றது. 500 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சிறு மின்கலத்துக்கு அது மிக அதிகம், பலகையிலுள்ள 1.2 கிலோ ஓம் மின்தடையை 4.7 கிலோ ஓமாக மாற்றினால் சுமார் 250 மில்லி ஆம்பியராகக் குறையும்.

இங்கே கொசு பேட்டைப் பற்றிக் கட்டாயம் பேசுங்கள். மாணவர்கள் முதலில் திறக்கும் சாதனம் அதுதான். அதிலுள்ள 4 வோல்ட் ஈய அமில மின்கலம் விரைவில் கெடும். ஒரு லித்தியம் மின்கலம் அந்த இடத்தில் அழகாக உட்காரும். பேட்டும் வேலை செய்யும். ஆனால் விலை மலிந்த பேட்டுகளில் 230 வோல்ட்டிலிருந்து மின்னேற்றும் பகுதி பெரும்பாலும் ஒரு மின்தேக்கியும் சில டையோடுகளும் மட்டுமே. மின்மாற்றி இல்லாததால் மின்கலத்தின் முனைகள் வீட்டு மின்சாரத்துடன் நேரடித் தொடர்பில் இருக்கும். நிறைந்ததும் நிறுத்தும் ஏற்பாடும் இருக்காது. ஈய அமிலம் தாங்கும், லித்தியம் தாங்காது. போதாததற்குக் கம்பி வலையை ஊட்டும் மின்தேக்கி, சுவிட்சை அணைத்த பின்னும் உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். எனவே என் வகுப்பில் கொசு பேட் "விளக்க மட்டும், திறக்க அல்ல" என்ற பட்டியலில் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் நேரடியாகச் செருகும் எமர்ஜென்சி லைட்டும் அதே பட்டியல்தான்.

செயல்பாடு: மூன்று கட்டை டார்ச்

தேவையானவை: எல்இடி விளக்குள்ள மூன்று கட்டை டார்ச் ஒன்று, புதிய 18650 மின்கலம் ஒன்று, அதற்கான பிளாஸ்டிக் தாங்கி, பாதுகாப்புடன் கூடிய டிபி 4056 பலகை, மல்டிமீட்டர், கைப்பேசியின் 5 வோல்ட் சார்ஜர். மதுரை டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். இணைப்பை ஆசிரியர் செய்து காட்ட வேண்டும். அளவீடும் கணக்கும் மாணவர்களுடையவை.

1. பலகையில் இணைப்புப் புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள். வரவுக்கு இரண்டு, மின்கலத்துக்கு இரண்டு, செலவுக்கு இரண்டு என ஆறு இருந்தால் பெரும்பாலும் பாதுகாப்புள்ளது. செலவுக்கெனத் தனிப் புள்ளிகள் இல்லாதது வெறும் சார்ஜர். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

2. பலகையில் கம்பிகளைப் பற்றவைத்த பிறகே மின்கலத்தைத் தாங்கியில் வையுங்கள். மின்கலத்தின்மேல் நேரடியாகப் பற்றவைப்பு இரும்பை வைக்கக்கூடாது. அந்த வெப்பம் உள்ளிருக்கும் பிரிப்புத் தாளைக் கெடுக்கும்.

3. டார்ச்சின் கம்பிகள் செலவுப் புள்ளிகளில்தான் சேர வேண்டும். மின்கலப் புள்ளிகளில் சேர்த்தாலும் விளக்கு எரியும். ஆனால் மின்னிறக்கத்தின்போது காவல் முழுவதும் சுற்றிலிருந்து விலகிவிடும். "எரிகிறது, ஆனால் தவறு" என்பதை வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டுங்கள். பாடத்தின் மிக முக்கியமான இடம் இது.

4. மின்கலத்தை வைத்ததும் விளக்கு எரியவில்லை என்றால் பதற வேண்டாம். சில பாதுகாப்புச் சுற்றுகள் முதல்முறை சார்ஜரைச் செருகிய பிறகே விழிக்கும்.

5. மின்னேற்றும்போது டார்ச்சை எரிக்க வேண்டாம். விளக்கு எடுக்கும் மின்னோட்டம் "நிறைந்துவிட்டது" என்பதைச் சார்ஜர் கண்டுகொள்ளவிடாமல் குழப்பும்.

பிறகு கணக்கு. 3.7 வோல்ட் × 2.6 ஆம்பியர் மணி = 9.62 வாட் மணி. 1 வாட் விளக்கு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் எரியும். இதை ஜூலாக மாற்றினால் 9.62 × 3600 = 34,632 ஜூல். 50 கிலோ எடையுள்ள மாணவரை உயர்த்த இந்த ஆற்றல் முழுவதும் பயன்பட்டால் எவ்வளவு உயரம் போகலாம்? 34,632ஐ 50 × 9.8ஆல் வகுத்தால் 70 மீட்டருக்கும் மேல். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 52 மீட்டர். 50 கிராம் பொருளுக்குள் தெற்குக் கோபுரத்தைத் தாண்டிப் போகும் ஆற்றல் அடைபட்டிருக்கிறது என்றால் அதற்குக் காவல் ஏன் என்பதை யாரும் கேட்பதில்லை.

விரிவாக்கம்: வயலுக்குப் போகும் தெளிப்பான்

முதுகில் சுமக்கும் பேட்டரி தெளிப்பானில் பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி ஈய அமில மின்கலம் இருக்கும். எடை இரண்டு கிலோவுக்கும் மேல். அதில் அடங்கும் ஆற்றல் 96 வாட் மணி. நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்குமேல் இறக்கக்கூடாது, ஆகவே பயன்படுவது 48. லித்தியம் இரும்பு பாஸ்பேட் நான்கைத் தொடராக இணைத்த 12.8 வோல்ட், 6 ஆம்பியர் மணித் தொகுப்பில் 76.8 வாட் மணி. அதில் எண்பது விழுக்காடு எடுத்தாலும் 61. எடை ஒரு கிலோவுக்கும் கீழ். 16 லிட்டர் மருந்து நீரையும் சேர்த்துச் சுமந்து வரப்பில் நடக்கும் தாய் தந்தையரின் முதுகுக்கு இந்தக் கழித்தல் கணக்கின் பொருள் தெரியும்.

ஆனால் தொடர் இணைப்பில் புதிய சிக்கல் ஒன்று வரும். தொகுப்பின் மொத்த மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்று மீட்டர் காட்டுகிறது. நான்கும் 3.6 ஆக இருக்கலாம், மூன்று 3.5 ஆகவும் ஒன்று 3.9 ஆகவும் இருக்கலாம். மொத்தம் இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவதில் ஒரு மின்கலம் எல்லை மீறி நிற்கிறது. எனவே தொகுப்புக்கு, ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியே பார்த்துச் சமன்செய்யும் மேலாண்மைச் சுற்று (பிஎம்எஸ்) வேண்டும். மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் இழுக்கும் கூடுதல் மின்னோட்டத்தையும் அது தாங்க வேண்டும். சார்ஜரும் 14.6 வோல்ட்டில் நிற்கும் இரும்பு பாஸ்பேட் வகையாக இருக்க வேண்டும். மின்கலங்களைத் தனித்தனியே வாங்கி வீட்டில் கோப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சுற்றுடன் சேர்த்து மூடி விற்கும் தொகுப்பை, பில்லுடன் வாங்கச் சொல்கிறேன். எதைக் கேட்டு வாங்குவது என்று சொல்லத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதுவே பாடத்தின் வெற்றி.

மதுரையில் படித்தவர், ஸ்டாக்ஹோமில் பேசியவர்

இரும்பு பாஸ்பேட் வகை ஏன் பாதுகாப்பானது? அதில் ஆக்சிஜன் அணுக்கள் பாஸ்பரசுடன் வலுவான சகப்பிணைப்பில் பிணைந்திருக்கின்றன. வெப்பம் ஏறினாலும் அவ்வளவு எளிதில் ஆக்சிஜனை விடாது. தீக்கு ஊட்டம் குறைகிறது. வேதிப்பிணைப்புப் பாடத்தை இங்கே இணைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கதையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு லித்தியம் அயனி மின்கலத்துக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. அப்போது குட்இனஃபுக்கு வயது 97. அவருக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். வேதியியலில் இளநிலையும் முதுநிலையும் மதுரைப் பல்கலைக்கழகத்தில் முடித்தவர். சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்றபின் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்து, பிறகு குட்இனஃபுடன் பணியாற்றச் சென்றவர். சல்பேட் போன்ற பல்லணு எதிரயனிகளைக் கொண்ட நேர்மின்வாய்ப் பொருள்களை 1980களில் இருவரும் ஆராய்ந்தனர். அந்தப் பாதையில்தான் 1997இல் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டனர். நம் ஊர்த் தெளிப்பானில் வந்து உட்காரும் மின்கலத்தின் வரலாற்றில் மதுரையில் வேதியியல் படித்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

மின்கல ஆராய்ச்சியைக் காண மதுரை மாணவர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து உருவாக வழிசெய்த நிறுவனம் அது. 1948இல் அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று திறந்தார்கள். லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனத்துக்கு வழங்க 2018இல் அது ஒப்பந்தம் செய்தது. தலைமையாசிரியர் வழியாக எழுதி அனுமதி கேட்டுக் களப்பயணம் திட்டமிடலாம்.

வெயிலும் பழைய மின்கலமும்

லித்தியம் அயனி மின்கலத்தை 0 முதல் 45 டிகிரி செல்சியசுக்குள் மின்னேற்ற வேண்டும் என்பது பொதுவான வரையறை. சித்திரை வெயிலில் மதுரையில் நிழலே 40ஐத் தொடும். தகரக் கூரையடியிலும், ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளும், சன்னல் ஓரத்திலும் 45ஐத் தாண்டுவது எளிது. காலை, இரவு நேரங்களில், தரையில், மெத்தை துணி இல்லாத இடத்தில் மின்னேற்ற வேண்டும் என்பதை வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். விடுமுறையில் பள்ளியில் வைத்துவிட்டுப் போகும் மின்கலங்களைப் பாதி மின்னேற்றத்தில், தனித்தனியே, முனைகளில் நாடா ஒட்டி வையுங்கள்.

உப்பிய, நசுங்கிய, உறை கிழிந்த, 2.5 வோல்ட்டுக்கும் கீழே நாள்பட இறங்கிக் கிடந்த மின்கலங்களைப் பயன்படுத்தக்கூடாது. குத்திப் பார்க்கவும் கூடாது. காயலான் கடைத் தொகுப்புகளை உடைக்கக்கூடாது. புகை வந்தால் முதலில் பிள்ளைகளை வெளியேற்றுங்கள். புகை நச்சுத்தன்மை கொண்டது. மெயின் சுவிட்சை அணைத்து, 101 அல்லது 112ஐ அழையுங்கள்.

பழையவற்றைக் குப்பையில் போடாமல் இருக்கச் சட்ட அடிப்படையும் உண்டு. 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தி முடித்த மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு வழிசெய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. மின்கல உறையிலுள்ள, குறுக்கே அடித்த குப்பைத்தொட்டிக் குறியை மாணவர்கள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். பவர் பேங்கின்மேல் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் பதிவுக்குறி உள்ளதா என்பதையும் பார்க்கட்டும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. ஒரு பவர் பேங்கில் 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று உள்ளது. உள்ளிருக்கும் மின்கலம் 3.7 வோல்ட். ஆற்றல் எத்தனை வாட் மணி? வெளியே 5 வோல்ட்டில் தரும்போது, இழப்பே இல்லை என்று கொண்டாலும், எத்தனை ஆம்பியர் மணி கிடைக்கும்? (விடை: 74 வாட் மணி, 14.8 ஆம்பியர் மணி)

2. டார்ச்சின் கம்பிகளை மின்கலப் புள்ளிகளில் இணைத்த ஒரு படத்தைக் கொடுத்து, பாதுகாப்புச் சுற்றின் மூன்று வேலைகளில் எவை இழக்கப்படுகின்றன என்று கேளுங்கள்.

3. கண்மாய் ஒப்புமை எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை? இரண்டு வரிகள் எழுதுக.

4. உங்கள் வீட்டில் மின்கலத்தால் இயங்கும் ஐந்து சாதனங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்விகளையும் கேட்டு "மாற்றலாம்", "கூடாது", "தேவையில்லை" என முடிவு எழுதுக. பெற்றோரிடம் கையொப்பம் பெறுக.

நான்காம் வினாவுக்கான தாள்களை நிதானமாகப் படியுங்கள். எந்த வீட்டில் எந்தச் சாதனம் எவ்வளவு முக்கியம் என்பது அதில் தெரியும். "கூடாது" என்று எழுதிய இடத்தில் காரணத்தையும் சேர்த்து எழுதிய மாணவர், தனியே இருக்கும்போதும் அந்தச் சாதனத்தைத் திறக்கமாட்டார்.